ஏரியல் எட்டிய தூரம்

எங்கள் அப்பா ஒரு பொருளை அவசரமாக வாங்கினால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்திருந்தது. மிக்சி வாங்க அவருக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. சிதம்பரத்தில் நான்கு கடை ஏறி இறங்கி, நான்கிலும் நோட்டீஸ் வாங்கி வந்து, அவற்றைக் குண்டூசி போட்டுச் சேர்த்து அலமாரியில் வைத்திருந்து, கடைசியில் முதல் கடையில் முதலில் காட்டியதையே தூக்கிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழக ஆபீசில் பைல் பார்க்கிறவர். எதையும் குறிப்பெழுதி மேலே அனுப்பி, அது கீழே இறங்கி வரும்வரை காத்திருந்து பழகியவர். சைக்கிள் மணியை மாற்றுவதென்றாலும் ஒரு வாரம் யோசிப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஞாயித்துக்கெழம கடலூருக்குப் போயி ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கியாந்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருக்கற போனுக்கு என்னா கொறையாம்?"

"ஒரு கொறையும் இல்ல. நீதான் போன் அடிச்சா ஈரக் கையோட ஓடியார. இதுன்னா ஒயரு கெடையாது, அடுப்படியிலயே வச்சிப் பேசலாம்."

"எனக்கு யாரு போன் பண்றாங்க, அடுப்படியில வச்சிப் பேசறதுக்கு?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் அந்தச் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாவுக்கு அப்போது ஒரு மாதமாகவே வயிற்று வலி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், எதையோ எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "சாதாரணக் கட்டிதான், மாத்திரையிலயே கரஞ்சிடுமாம்" என்று அப்பா சொல்லியிருந்தார். நானும் அதை நம்பினேன். என் பயம் அம்மாவைப் பற்றியதே அல்ல. அந்த வயதில் எனக்கிருந்த ஒரே பயம் கடலூர் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பயப்படும்படியான ஆளே இல்லை. சிரித்த முகம், எப்போது வந்தாலும் கைநிறையத் தின்பண்டம். ஆனால் அவளுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "இவள எனக்குக் குடுத்துடுங்க அண்ணி, நீங்க இன்னொண்ணு பெத்துக்குங்க" என்பாள். அம்மா சிரிப்பாள். அப்பா சிரிப்பார். நான் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்வேன். அதற்கும் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. என் வகுப்பில் ஒருத்தியை அவளுடைய பெரியம்மாவுக்கு வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். லீவில் சொந்த அம்மா வீட்டுக்குப் போனால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்களாம், விருந்தாளிக்கு வைத்திருக்கும் டம்ளரில் காபி கொடுக்கிறார்களாம். அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே அப்பா என்னைப் பார்த்து, "நீயும் கெளம்பு பாப்பா, அத்தை வூட்டுக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றதும் நான் அடுப்படிக்கு அம்மாவிடம் ஓடினேன். அம்மா வரவில்லை. அம்மாவுக்கு அலைச்சல் ஆகாதாம். சனிக்கிழமை முழுவதும் எனக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ காய்ச்சல் வந்திருக்கிறது, அன்று மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். புவனகிரி பாலம் தாண்டும்வரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக பஸ்ஸில் ஏறினால் கணக்குக் கேட்டு உயிரை வாங்குகிறவர். அன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். திருப்பாதிரிப்புலியூரில் பஸ் நின்றபோது என் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

மாமா, அதாவது அத்தையின் புருஷன், பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். லாரன்ஸ் ரோட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் அவருக்குப் பழக்கம். அங்கே அழைத்துப்போனார்.

கடைக்காரர் மூன்று போன்களைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று வெள்ளை, பார்க்க சோப்புப் பெட்டி போலிருந்தது. ஒன்று சாம்பல் நிறம், எண்களைக் காட்ட ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். மூன்றாவது கறுப்பு. பெட்டியிலும் ரிசீவரிலும் இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும் எவர்சில்வர் ஏரியல். இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், செல்போனை ஊரில் ஒருவர் இருவர் வைத்திருந்த காலம் அது. கார்ட்லெஸ் என்பது வீட்டு போன்தான். சுவரில் இருந்து வரும் ஒயர் பெட்டியோடு நின்றுவிடும். ரிசீவரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசலாம்.

நான் சாம்பல் நிறத்தைப் பார்த்தேன். மாமா வெள்ளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்பா எதையும் கையில் எடுக்கவில்லை. "எது ஜாஸ்தி தூரம் எடுக்கும்?" என்றார்.

"எல்லாமே வூடு பூரா எடுக்கும் சார்."

"வூட்டுக்குள்ள வேணாம். வூட்ட உட்டு வெளிய எவ்ளோ தூரம் எடுக்கும்?"

கடைக்காரர் கறுப்பை முன்னால் தள்ளினார். அதன் பெட்டியில் ஸ்பீக்கரும் இருக்கிறது, ஒரு பட்டனை அழுத்தினால் போன் லைனே இல்லாமல் பெட்டியிலிருந்து ரிசீவருக்கும் ரிசீவரிலிருந்து பெட்டிக்கும் பேசிக்கொள்ளலாம் என்றார். "நம்பலன்னா ஆள உட்டுப் பாத்துக்குங்க. ரோட்டுல நடக்கச் சொல்லுங்க."

மாமா எழுந்தார். அப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க இருங்க மாப்ள. பாப்பா போவட்டும்."

ஏரியலை முழுக்க இழுத்து ரிசீவரை என் காதில் வைத்தார்கள். அது என் முகத்தைவிட நீளம். "நேரா ரயில்வே கேட்டு பக்கமா நட. நான் பேசிக்கிட்டே இருப்பேன். நீ கேக்குதுன்னு சொல்லிக்கிட்டே போ. என் கொரலு நின்னுபோற எடத்துல நீயும் நின்னுட்டுத் திரும்பி வந்துடு" என்றார் அப்பா. கடலூரில் அதற்குமுன் நான் தனியாக ஒரு கடைக்குக்கூடப் போனதில்லை.

நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை கும்பல். எல்லோரும் என்னையும் ஏரியலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காதுக்குள் அப்பா. பேசிக்கொண்டே இருப்பேன் என்று சொல்லிவிட்டாரே ஒழிய, என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். "இன்னைக்கி ராகு காலம் நாலரைலேர்ந்து ஆறு. கேக்குதா பாப்பா?" "கேக்குதுப்பா." "எமகண்டம் பன்னண்டுலேர்ந்து ஒண்ணரை. கேக்குதா?" "கேக்குதுப்பா." "கடகத்துக்கு வரவு. சிம்மத்துக்குச் சுகம். கன்னிக்கு பயம். கேக்குதா?" நான் கன்னி ராசி. கேட்கிறது என்று சொல்லவே எனக்கு மனமில்லை.

பாத்திரக் கடை போயிற்று. ஜவுளிக் கடை போயிற்று. குரலில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. ஆனாலும் நிற்கவில்லை. ரயில்வே கேட்டுக்கு வந்தபோது மணி அடிக்கத் தொடங்கியது. முன்னாலிருந்தவர்கள் ஓட, பின்னாலிருந்தவர்கள் தள்ள, நானும் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டேன். எனக்குப் பின்னால் கேட் இறங்கியது. கடை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"கேக்குதா பாப்பா?" என்றார் அப்பா.

"கேக்குதுப்பா. ஆனா கேட்ட மூடிட்டாங்கப்பா."

"பாப்பா? கேக்குதா?"

"கேக்குதுப்பா. கேக்குது."

"பாப்பா?"

நான் கத்தினேன். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. ரிசீவரில் கடைக்காரர் குரல் தூரத்தில் கேட்டது. "புது பேட்டரி சார், சார்ஜே ஏத்தல. அதான் அங்கேருந்து வரல. பாப்பா திரும்பி வந்துடும்." பிறகு அவர் வேறு யாரையோ வாங்க வாங்க என்று கூப்பிடுவதும், குரல் தள்ளிப்போவதும் கேட்டது.

என் குரல் அங்கே போகவில்லை. அவர்கள் குரல் இங்கே வந்துகொண்டுதான் இருந்தது. பட்டனை அமுக்கியது அமுக்கியபடியே இருக்கிறதென்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மாமாவிடம் பேசப்போவது என் காதுக்கு எட்டக்கூடாது என்பதற்காகத்தான் அப்பா அன்று என்னை ரோட்டில் நடக்கவிட்டார். கையோடு என் காதிலேயே போனையும் வைத்தனுப்பினார். ஆபீசில் எவ்வளவு சூட்டிகையான ஆளாக இருந்தாலும் இதெல்லாம் நடந்துவிடுகிறது.

"டெஸ்ட்டு வந்துடிச்சி மாப்ள" என்றார் அப்பா. "நல்ல மாதிரி இல்லையாம். வயித்துல இருக்கறது கெட்ட கட்டியாம். மெட்ராசுக்குக் கொண்டுபோயி ஆப்ரேசன் பண்ணணும்ங்கறாரு டாக்டரு. பண்ணாலும் பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்ங்கறாரு."

"வூட்டுல அக்காவுக்குத் தெரியுமா மச்சான்?"

"சொல்லல. சாதாரணக் கட்டின்னுதான் சொல்லிருக்கேன். தெரிஞ்சா இப்பவே ஒடஞ்சிபோயிடுவா. டாக்டருகிட்ட பேசறதுக்குக்கூட எனக்கு வூட்டுல எடமில்ல மாப்ள, போன் நடு ஹால்ல இருக்கு. அதுக்குத்தான் இத வாங்கறேன்." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மறுபடி அப்பா. "பாப்பாவ நீங்க வச்சிக்குங்க. இங்கயே ஸ்கூல்ல சேத்துடலாம். நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, அவ ஒங்க புள்ளதான்."

மாமா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ரயில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போனபோது ரிசீவரில் உயிரே இல்லை. நான் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

இத்தனையிலும் என் காதில் நின்றது கடைசி வாக்கியம் மட்டும்தான். அவ ஒங்க புள்ளதான். கட்டி, மெட்ராஸ், ஆபரேஷன் எல்லாம் பெரியவர்கள் வழக்கமாகப் பேசுகிற பேச்சாக வந்து போய்விட்டன. என்னை நடக்கச் சொன்னது எதற்கென்று எனக்கு அப்போது பளிச்சென்று புரிந்துவிட்டது. நான் இங்கே நிற்கும்போதே அப்பா பஸ் ஏறிவிடுவார். மாமா வந்து என் கையைப் பிடித்து அத்தை வீட்டுக்கு அழைத்துப்போவார். அடுத்த லீவுக்கு நான் சிதம்பரம் போனால் அம்மா எனக்கு நாற்காலி போடுவாள். ஓடவேண்டும் என்று நினைத்தேன், எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. பூக்காரம்மா, "யாரு வூட்டுப் புள்ளம்மா நீ?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் நிச்சயமான பதில் இல்லை. அழுதுவிட்டேன்.

கேட் ஏறுவதற்கு முன்பே அதன் அடியில் குனிந்து அப்பா ஓடிவந்தார். வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரிசீவரை வாங்கி ஏரியலைத் தடவிப் பார்த்தார், மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். என்னைவிட ஏரியல்தான் அவருக்குப் பெரிதாகிவிட்டது என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

"எதுவரைக்கும் கேட்டுது?" என்றார்.

"கேட்டுக்கு முன்னாடியே நின்னுபோச்சிப்பா" என்றேன். நான் முதன்முதலில் யோசித்துச் சொன்ன பொய் அது. கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லிவிட்டால், ஆமாம் உன்னைக் கொடுத்துவிட்டோம் என்று அங்கேயே சொல்லிவிடுவாரோ என்று பயம். அப்பா பெருமூச்சு விட்டார். கடைக்குத் திரும்பி, வேறொன்றைக் காட்டச் சொல்லாமல், பேரம் பேசாமல், அந்தக் கறுப்பு போனையே கட்டச் சொன்னார். கேட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும் போனை எதற்கு வாங்குகிறார் என்று மாமாகூடக் கேட்கவில்லை. எனக்குப் பயம் இன்னும் கூடியது.

அத்தை வீட்டில் வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். முள்ளில்லாத நடுத்துண்டு எனக்கு. "தின்னு தாயி, தின்னு" என்று அத்தை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுக்கு வந்தது, ஆனால் போகவில்லை. நான் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து அப்பா கிளம்பிவிட்டால் என்ன செய்வது? சிதம்பரம் வந்து இறங்கும்வரை அடக்கிக்கொண்டு, போன் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். போனை விட்டுவிட்டு அப்பா எங்கும் போகமாட்டார் என்று ஒரு கணக்கு.

அண்ணாமலை நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நீளமான தோட்டம், அதன் முடிவில் ஒரு மதில். மறுநாளிலிருந்து சாயங்காலம் போன் அடித்தால் அப்பா ரிசீவரோடு மதிலோரம் போய்விடுவார். முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு பேசுவார். நான் பின்னாலேயே போவேன். "உள்ள போ பாப்பா" என்பார். என்னை எப்போது கொண்டுபோய் விடுவது என்று நாள் குறிக்கிறார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் மிஸ் என் பெயரைக் கூப்பிட்டாலே அப்பா டி.சி. வாங்க வந்துவிட்டாரோ என்று வாசலை எட்டிப் பார்ப்பேன்.

நான்காம் நாள் தாங்கமுடியவில்லை. அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே மதிலோரம் அப்பாவின் முதுகு தெரிந்தது. நான் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை விடவில்லை. ஒப்பிக்கிற போட்டியில் பரிசு வாங்கியவள் நான். கெட்ட கட்டி, மெட்ராஸ், பாதிக்குப் பாதி, அவ ஒடஞ்சிபோயிடுவா, பாப்பாவ நீங்க வச்சிக்குங்க. கடைசி வரிக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் பக்கம் நின்று அப்பாவோடு சண்டை போடவேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

அம்மா கையில் இருந்த ஈர்க்கை அப்படியே பிடித்திருந்தாள். "டாக்டரு என்னான்னு சொன்னாராம்? அதமட்டும் இன்னொரு தடவ சொல்லு."

எனக்கு எரிச்சலாக வந்தது. முக்கியமானதை விட்டுவிட்டு எதையோ கேட்கிறாளே. சொன்னேன். "பண்ணாலும் பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்ங்கறாரு. என்ன அத்தை வூட்டுல உட்டுடுவீங்களாம்மா?"

"உன்ன யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா. என்னைப் பார்க்காமல் கீரையைப் பார்த்துச் சொன்னாள். "அத்தை வூட்டுல கொஞ்ச நாளு இருக்கறதுன்னா இருந்துட்டு வா. குடுக்கறது வேற, இருக்கறது வேற." பிறகு என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். "நீ எங்கிட்ட சொன்னது அப்பாவுக்குத் தெரிய வேணாம். சத்தியமா?"

சத்தியம் செய்தேன். எனக்கு என் உயிர் திரும்ப வந்துவிட்டது. அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். அம்மா சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் போன் அடித்தபோது அம்மாதான் எடுத்தாள். யாரென்று கேட்டுவிட்டு, தானே ஏரியலை இழுத்து அப்பா கையில் கொடுத்தாள். "மதிலாண்ட போயிப் பேசுங்க, இங்க ஒரே கொரகொரப்பா இருக்கு" என்றாள். அப்பா நன்றாக நம்பிப் போனார். அம்மா உள்ளே வந்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அப்பா அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் அவள் டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது தெரியும்.

மெட்ராசுக்கு மூன்று வாரத்தில் போவதென்று முடிவாயிற்று. சின்ன வைத்தியம், நாலு நாளில் வந்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா சரி என்றாள். அந்தச் சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வா, போன்ல ஒரு வெளாட்டு வெளாடலாம்."

விளையாட்டு இதுதான். அம்மா ஹாலில் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் ரிசீவரோடு அடுப்படிக்குப் போகவேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் சமைக்கவேண்டும். என்ன ஆனாலும் அவள் எழுந்து வரமாட்டாள். எனக்குக் குஷி தாங்கவில்லை. கேஸ் அடுப்பின் பக்கமே என்னை அதுவரை விட்டதில்லை.

முதல் நாள் சோறு. இரண்டாம் நாள் பருப்பு. தாளிக்கும்போது கடுகு வெடித்துக் கையில் பட்டது, அலறினேன். "தண்ணியில கைய வையி" என்றது போன். "எரியுதும்மா, வாயேன்." "வரமாட்டேன். ஆட்டத்துல அப்பிடித்தான். அடுப்ப சிம்முல வச்சியா?" ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வருகிறாள் என்று நினைத்தேன். மறுபடி நாற்காலி கிறீச்சிட்டது, உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு கல்நெஞ்சமா என்று எனக்கு ஆங்காரம் வந்தது.

போகப் போக அம்மா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. முதலில் உப்பு எவ்வளவு என்று சொன்னவள், பிறகு "உப்பு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அதுவும் இல்லை. நான்தான் "புளி கரைச்சிட்டேன்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "ம்" என்பாள். அந்த "ம்" வந்தால் எனக்குப் போதும். வராவிட்டால் ரயில்வே கேட்டில் நின்ற பயம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

அம்மா மெட்ராசிலிருந்து பிழைத்து வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயந்த கதையைச் சொல்லிவிட்டு, கேட்பவர்களை அதிலேயே அலையவிடுவது எனக்குப் பிடிக்காது. நாலு நாள் என்றது இரண்டு மாதமாயிற்று. அந்த இரண்டு மாதமும் அத்தை என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டாள், திருப்பி அனுப்பும்போது தேம்பித் தேம்பி அழுதாள். அவளைப் பூச்சாண்டியாக நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அப்பா கண்ணை மூடும்வரை, அம்மாவுக்கு எதுவும் தெரியாமல் தான் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அவரை அந்த நினைப்பிலேயே வைத்திருந்தாள்.

ஆனால் மெட்ராசுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அன்று ரசம். தக்காளி கரைத்தேன், மிளகு சீரகம் தட்டினேன். "கரைச்சிட்டேன்மா, இருக்கியா?" என்றேன். பதில் இல்லை. "அம்மா?" இரைச்சல்கூட இல்லை. பேட்டரியோ என்று பார்த்தேன், விளக்கு எரிந்தது. ரசம் நுரை கட்டிவிட்டது, பொங்கிவிடும். விட்டுவிட்டு ஓடினால் அம்மா திட்டுவாள். ஓடாவிட்டால் அம்மா அங்கே இருக்கிறாளா என்றே தெரியாது. அழுதுகொண்டே கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டேன், தாளித்தேன், துணி பிடித்து இறக்கினேன். பிறகு ஓடினேன்.

அம்மா நாற்காலியிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். விரல் பட்டன்மேல் இருந்தது. நான் கூப்பிட்டது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"எதுக்குப் பேசல?" என்று கத்தினேன்.

"ரசம் எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன். எதுக்குப் பேசல நீ?"

"அடுப்ப அணச்சியா?"

"அணச்சிட்டேன்."

அதைக் கேட்டதும்தான் அம்மா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்துபோய், உப்புப் பார்க்க மறுபடி அடுப்படிக்கு ஓடினேன்.